உப்பு போடும் முன்

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை வந்தே விட்டது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. நம் கதாநாயகி ரொட்டித் தொழிற்சாலையில் மாவு, உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுக்கிறவள். பதினோரு வருஷத்தில் ஒரு கலவைகூட அவள் கையால் கெட்டுப்போனதில்லை. அதனால் அங்கே அவளுக்குப் பெயர் 'தராசு'. அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லாரி ஓட்டுகிற அவள் கணவன் கொஞ்சும்போதும் தராசு என்றுதான் கூப்பிடுவான், சண்டை போடும்போதும் அப்படித்தான்.

தொழிற்சாலை இப்போது ஒரு நாள் பயணத் தூரத்தில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே நிறுவைப் பிரிவு மொத்தமும் தராசின் பொறுப்பில் வரும். இரண்டு வருஷம். தங்குவதற்குப் பெண்கள் விடுதி, ஆனால் கைக்குழந்தைக்கு அங்கே இடமில்லை. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

ஒன்பது மாதக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? நாத்தனார் இருக்கிறாள். கணவனின் அக்கா, நாலு வீடு தள்ளித் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி வேலைக்கு அனுப்பிவிட்டு, இப்போது அவளும் மெஷினுமாக இருக்கிறாள். தராசு வேலைக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தை அவளிடம்தான். "நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று போன வாரம் அவள் கேட்டபோது, முகத்தில் பொங்கி வந்த சந்தோஷத்தை மறைக்க அவள் பட்ட பாடு பார்க்கவே பாவமாக இருந்தது.

கணவனிடம் மட்டும் இன்னும் பேச்சு எடுக்கவில்லை. ஐந்து நாள் ஓட்டம் போனவன் இன்று மாலைதான் திரும்புகிறான். போனில் சொல்லுகிற விஷயமா இது என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னொன்றும் உண்டு. அது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து தராசுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. குழந்தை சிரித்தால் இவளும் சிரிக்கிறாள், சிரிக்க வேண்டும் என்று தெரியும் என்பதால். அழுதால் தூக்குகிறாள். மணி பார்த்துப் பால், அளவு பார்த்துச் சோறு, தேதி பார்த்துத் தடுப்பூசி. தெருவில் எல்லோரும் அவளை உதாரணம் காட்டுகிறார்கள். எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் உள்ளே மட்டும் மரத்துப்போய்க் கிடக்கிறது, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி. அதை யாரிடம் போய், என்னவென்று சொல்லுவாள்?

அதனால்தான் புதுக் கிளைக்குப் போவது அவளுக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. தான் போனாலும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது என்று நிச்சயமாக நம்பினாள்.

காலை எட்டரைக்குக் குழந்தைகள் நல மையத்தில் ஒன்பதாம் மாதப் பரிசோதனை. நாத்தனாரும் கூட வந்தாள். அவள் வராத இடம் எது?

குழந்தைக்கு வீட்டில் பெயர் 'உருண்டை'. நர்ஸ் எடை மேடையில் உட்கார வைத்ததும் அது இரண்டு கையாலும் மேடையை அடித்தது.

"எட்டு கிலோ அறுநூறு இருப்பான்" என்றாள் தராசு.

நர்ஸ் பார்த்தாள். எட்டு கிலோ அறுநூற்று இருபது.

"அம்மா கெட்டிக்காரங்கதான்" என்று நர்ஸ் சிரித்தாள். "சரி, இனிமே இவனுக்குன்னு தனியா அடுப்பேத்த வேண்டாம். நீங்க சாப்பிடற சோறு, பருப்பு, காய் எல்லாத்தையும் நல்லா மசிச்சுக் கொடுங்க. நீங்க எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அவனையும் கூட உட்கார வைங்க. பார்த்துப் பார்த்துத்தான் கத்துக்குவான். ஒண்ணே ஒண்ணு. பாத்திரத்துல உப்பு போடறதுக்கு முன்னாடியே அவன் பங்கைத் தனியா எடுத்து வெச்சிடணும்."

"உப்பில்லாமத்தான் கொடுக்கறோம்" என்றாள் தராசு.

நர்ஸ் நாத்தனாரைப் பார்த்தாள். "நீங்களும்தானே?"

நாத்தனார் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கு எங்கிருந்துதான் படிப்பில் அத்தனை ஆர்வம் வருமோ!

"அண்ணி?" என்றாள் தராசு.

"ஒரு சிட்டிகை. அதுவும்... எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?" நர்ஸ் கேட்டாள்.

"மத்தியானம் ஒரு தடவை."

"அப்புறம்?"

"சாயங்காலம் ஒரு தடவை." நாத்தனார் அசடு வழிந்தாள். "மனசு கேக்கலம்மா. வாயில வெச்சுப் பார்த்தா சப்புன்னு இருக்கு. பச்சைப் புள்ளைக்கு இந்தத் தண்டனை எதுக்குன்னு... எம்புள்ளைங்க ரெண்டும் உப்பு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்ததுங்கதான். ஆறடி இருக்கான் பெரியவன்!"

நர்ஸுக்குக் கோபம் வரவில்லை. இதே பேச்சை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறவள் போலிருக்கிறது. "உங்க நாக்குக்குத்தான் சப்புன்னு இருக்கும்மா. அவனுக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது. கேரட்டே அவனுக்கு இனிப்பா இருக்கும். கிட்னி சின்னது, அதிக உப்பு வந்தா வெளியே தள்ளச் சிரமப்படும். ஒரு வயசு வரைக்கும் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு கிராமைத் தொடக் கூடாது. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, இன்னிலேருந்து நிறுத்திடுங்க. வேற? பிஸ்கட், சிப்ஸ், கடையில வாங்கற எதாவது?"

"கடையில எதுவுமே வாங்கறதில்ல" என்றாள் தராசு. அது நூற்றுக்கு நூறு உண்மை.

நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம், சாப்பாடெல்லாம்?"

"நல்லா இருக்கேன்."

நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். பெரியவன் சின்ன வயதில் சாப்பிட்ட கதை, சின்னவன் துப்பிய கதை. வீட்டுக்குள் நுழைந்ததும் தராசு செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து சின்ன எலெக்ட்ரானிக் தராசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஈஸ்ட் நிறுக்கிற வகை. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். உப்பு டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

"போடுங்க அண்ணி."

"என்னது?"

"தினமும் எவ்வளவு போடுவீங்களோ, அவ்வளவு."

நாத்தனார் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று. தராசின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூன்று விரலால் உப்பைக் கிள்ளித் தட்டில் போட்டாள். விரல்களை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பூஜ்யம் புள்ளி நாலு" என்றாள் தராசு. "ரெண்டு தடவை. புள்ளி எட்டு. ஒரு கிராமுக்கு இன்னும் புள்ளி ரெண்டுதான் பாக்கி."

"அவன் மொத்தமாவா சாப்பிடறான்? பாதியைச் சட்டையிலதானே பூசிக்கறான்..."

"ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டியிருக்கேன். ஆறு மாசத்திலேருந்து ஒட்டியிருக்கு. 'உப்பு கூடாது'ன்னு. உங்க கண்ணு முன்னாடிதான் இருக்கு."

"இருக்கும்மா. தப்புதான்."

அதோடு விட்டிருக்கலாம். தப்பு என்று ஒப்புக்கொண்டவளிடம் அதற்குமேல் என்ன? ஆனால் தராசுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் நின்றிருக்கும். கோபம் தணியும் அல்லவா? அவளிடம் இருந்தது வெறும் கணக்கு.

"ரெண்டு வருஷம் உங்களை நம்பி விட்டுட்டுப் போகணும். எப்படி விடறதுன்னு எனக்கே தெரியல" என்றாள், ரசீது வாசிக்கிற குரலில்.

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பில் இருந்த உருண்டை அவளுடைய கம்மலைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விலக்கக்கூட இல்லை.

"நேரமாச்சு. நீ வேலைக்குப் போ" என்று மட்டும் சொன்னாள்.

போகும்போது தராசு வழக்கம்போல் பையிலிருந்து நேற்றைய ரொட்டியின் முனைத் துண்டு ஒன்றை எடுத்து உருண்டையின் கையில் கொடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பல் முளைக்கிற ஈறுக்கு அது ரொம்பச் சுகம். உருண்டை அதை இரண்டு கையாலும் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது.

தொழிற்சாலையின் நிறுவை அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். மூன்று பக்கம் மூட்டை, ஒரு பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கலவை இயந்திரம். அதைப் பார்த்துக்கொள்கிற கலவைக்காரர் ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

"தராசு, அடுத்தது!"

ஐம்பது கிலோ மாவு. ஒரு கிலோ உப்பு. அதற்கேற்ற ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை. இந்தக் கணக்கில் அவள் கை தானாக ஓடும். மனம் எங்கேயாவது இருக்கலாம், கை தப்பாது. சொல்லப்போனால் அவளுடைய மனம் எங்கேயும் இல்லை. நாத்தனாரின் முகம் ஒரு தடவை நினைவுக்கு வந்தது. வருத்தமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. சரி என்று அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

"ஐயோ, நீ போயிட்டா இந்த உப்பை எவன் நிறுப்பான்?" கலவைக்காரர் கேட்டார். "போன வருஷம் நீ பிரசவத்துக்குப் போனப்போ ஒருத்தன் வந்தானே, ரெண்டு தடவை போட்டுட்டான். நாய்கூட முகர்ந்து பார்த்துட்டுப் போச்சு."

"நான் இன்னும் முடிவு சொல்லல."

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

என்ன தெரிந்ததோ! தராசின் முகத்தில் எதையும் யாரும் பார்த்ததாக வரலாறு இல்லை.

மூன்று மணி இடைவேளையில் பொட்டலம் கட்டுகிற பெண் ஓடி வந்தாள். கையில் ஒரு காகிதப் பை. "அக்கா, உங்க பையனுக்கு. நல்ல தடிமனா ரெண்டு முனை பார்த்து எடுத்து வெச்சேன். அவன் இதைத்தானே கேப்பான்?"

இது வழக்கமாக வருவதுதான். வெட்டும் இயந்திரத்தில் ரொட்டியின் இரண்டு முனைகளும் தடித்துப் போகும். அதை விற்க முடியாது. வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மூன்று மாதமாகத் தராசு தினமும் எடுத்துப் போகிறாள்.

அவள் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். கையில் உப்பு அள்ளும் கரண்டி இருந்தது.

கடையில் எதுவுமே வாங்குவதில்லை என்று நர்ஸிடம் சொன்னாளே, உண்மைதான். இதைக் கடையில் வாங்கவில்லை. இதை அவளே செய்கிறாள். அதனால்தான் இது அவள் கணக்குக்குள் வரவேயில்லை. பதினோரு வருஷம் கையால் உப்பை அள்ளி அள்ளிப் போட்டவள், அது ரொட்டிக்குள்தான் போகிறது என்பதை மறந்தே போனாள். மற்றவர்களாக இருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். இவளுக்குத் தெரிந்த அளவு அந்த ரொட்டியின் உப்பைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

நிறுவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு கலவைக்கு நூற்று எண்பது ரொட்டி. ஒரு கிலோ உப்பை அதால் வகுத்தால் ரொட்டிக்கு ஐந்தரை கிராம். முனைத் துண்டு, ரொட்டியில் பத்தில் ஒரு பங்கு. அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

ஒன்று புள்ளி ஒன்று.

அண்ணியின் கணக்கு புள்ளி எட்டு. பாதியைச் சட்டையில் பூசிக்கொள்கிறான் என்றால் ரொட்டியிலும் பாதி தரைக்குத்தான் போகிறது. எப்படிப் பார்த்தாலும் இவள் கொடுத்ததுதான் அதிகம்.

தராசு பயத்துக்காகக் காத்திருந்தாள். பெற்ற குழந்தைக்குக் கெடுதல் செய்துவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு தாய்க்கு வயிறு கலங்க வேண்டும், கை நடுங்க வேண்டும். அவளும் அப்படியே நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கலவைக்காரர் "அடுத்தது!" என்றார். ஒரு கிலோ உப்பை நிறுத்துக் கொடுத்தாள். முள் சரியாக நின்றது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அளவு மட்டும்தான். பாசம் இல்லாவிட்டால் என்ன, தப்பில்லாமல் வளர்க்கிறோமே என்றுதான் ஒன்பது மாதமாகத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அந்த அளவும் தப்பு. அண்ணி போட்டது இரக்கத்தில் போட்ட உப்பு. இவள் போட்டதில் அதுகூட இல்லை. அப்படியானால் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும்? கணக்கு அவளுக்கு உடனே வந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு மேலாளர் அறைக்குப் போனாள். விண்ணப்பத்தில் 'சம்மதம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"வீட்டில எல்லாருக்கும் சரிதானே?" மேலாளர் கேட்டார்.

"சரிதான் சார்."

"திங்கட்கிழமை காலையில வண்டி கிளம்பும். ஆறு மணிக்கு இங்க இருக்கணும்."

"வந்துடறேன் சார்."

முனை ரொட்டிகளை வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். காவலாளிக்குப் பல் இல்லை, டீயில் நனைத்துச் சாப்பிடுவார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாத்தனாரின் துணிப்பை. கூடத்து நாற்காலியில் புடைத்துக்கொண்டு இருந்தது. இங்கேயே கிடக்கும் அவளுடைய கண்ணாடி, கத்தரிக்கோல், டேப், மாற்றுப் புடவை எல்லாம் அதற்குள் போயிருந்தன.

நாத்தனார் சமையலறையில் இருந்தாள். உருண்டை உயர நாற்காலியில் உட்கார்ந்து மரக்கரண்டியால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "சோறு, பருப்பு, பூசணிக்காய். அவன் பங்கை முதல்லயே எடுத்து வெச்சுட்டேன். அப்புறம்தான் நமக்கு உப்பு போட்டேன். வேணும்னா நிறுத்துப் பார்த்துக்கோ."

"அண்ணி..."

"இரு, நான் சொல்லிடறேன். அப்புறம் தைரியம் வராது." அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அழுது முடித்த முகம். "நாளையிலேருந்து நான் வரலை. கோபமெல்லாம் இல்லம்மா. கோபம் மத்தியானமே போயிடுச்சு. பயம் வந்துடுச்சு. நீ எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கிட்டேதான் நான் போட்டேன். ரெண்டு வருஷத்துல இன்னும் என்னென்ன போடுவேனோ! ஏதாவது ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னைப் பார்ப்பேன்? உன் புள்ளைய நீயே பார்த்துக்கோ. நீ இருந்தாத்தான் அவனுக்கு எல்லாம் சரியா நடக்கும்."

தராசு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குழந்தையின் கிண்ணத்தை எடுத்துப் பூசணிக்காயை மசிக்க ஆரம்பித்தாள். கை சும்மா இருந்தால் அவளுக்குப் பேச வராது.

"நான் தினமும் ரெண்டு முனை ரொட்டி கொடுக்கறேன். அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு இன்னிக்குக் கணக்குப் போட்டேன் அண்ணி. ஒண்ணு புள்ளி ஒண்ணு. நீங்க போட்டது புள்ளி எட்டு."

நாத்தனாருக்கு இது உள்ளே போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆனது. சேர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அழுத கண்ணிலிருந்து மறுபடியும் தண்ணீர் வந்தது.

"உன் ரொட்டியா! அடிப்பாவி! என்னைக் காலையில கோர்ட்டுல நிறுத்தின மாதிரி நிறுத்தினியே! ரெண்டு பேருமாச் சேர்ந்து புள்ளைய ஊறுகாயே போட்டிருக்கோம்!"

உருண்டை அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தது. சிரிக்காதவள் தராசு மட்டும்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவளும் உதட்டை விரித்து வைப்பாள். இன்று அதற்கும் தெம்பில்லை.

நாத்தனாரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி விடு. நாளைக்கு வரேன். நீயும் மனுஷிதான்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே பயமில்ல. அந்தப் பேப்பரை என்ன பண்ணே?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போறேன்னா?"

"போறேன்னு."

நாத்தனார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குப் புரியல. காலையில என்னை நம்பி விட முடியாதுன்னே. நான் வரலைன்னு பையைக் கட்டறேன். நீ அங்க கையெழுத்துப் போடறே. நடுவுல இவனை யாரு பார்க்கறதா ஏற்பாடு?"

"நீங்கதான். நீங்க பாவம்னு நெனைச்சுப் போட்டீங்க அண்ணி. எனக்கு அப்படி நெனைக்க வராது."

"என்ன வராது?"

வெளியே ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. தராசு ஒரு கரண்டி எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். அது வாயைத் திறந்தது. உப்பில்லாத பூசணிக்காயை நாக்கால் புரட்டிப் பார்த்து, சப்புக்கொட்டி, இன்னும் வேண்டும் என்று பலகையைத் தட்டியது.

"இவன் சாப்பிட்டா எனக்குச் சந்தோஷமா இல்ல" என்றாள் தராசு. "சாப்பிடலைன்னா வருத்தமாவும் இல்ல. அழுதா தூக்கணும்னு தெரியும், தூக்கிடுவேன். ஆனா ஒண்ணும் தோணாது. இன்னிக்கு ரொட்டிக் கணக்கைப் போட்டப்பகூட ஒண்ணும் தோணல. பயமாவது வரும்னு பார்த்தேன்."

"எப்பலேருந்து?"

"பொறந்ததிலேருந்து."

நாத்தனார் இரண்டு பெற்றவள். பிள்ளை பெற்ற புதிதில் காரணமில்லாமல் பத்து நாள் அழுதவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பத்து நாள்தான். ஒன்பது மாதத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"காலையில அந்த நர்ஸ் கேட்டாளே, எப்படி இருக்கேன்னு. நல்லா இருக்கேன்னு சொன்னியே!"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இப்ப உங்ககிட்ட."

நாத்தனார் எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தராசு அப்படியே இருந்தாள். புடவையில் பூசணிக்காய் வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் அடித்தன. இது ஆறுதல் என்று அவளுக்குத் தெரிந்தது. கரண்டியைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள், உருண்டை இன்னும் இரண்டு வாய் சாப்பிட வேண்டும்.

"அக்கா" என்று ஒரு குரல்.

சமையலறை வாசலில் அவள் கணவன் நின்றிருந்தான். ஐந்து நாள் தாடி, சட்டையில் வழித்தூசு, கையில் குழந்தைக்கென்று வாங்கிய ஒரு ரப்பர் வாத்து. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால், வேண்டிய அளவுக்குக் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது.

அவனைக் கண்டதும் உருண்டை இரண்டு கையையும் தூக்கியது. அவன் தூக்கவில்லை. நேராக வந்து தராசின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"முழுசாத் தெரியாது. ஏதோ சரியில்லன்னு தெரியும். ரெண்டு மூணு மாசமாவே. நீ அவனைக் குளிப்பாட்டறப்போ பார்ப்பேன். எல்லாம் சரியாத்தான் செய்வே. ஆனா நீ அங்க இருக்க மாட்டே." அவன் ரப்பர் வாத்தைத் தரையில் வைத்தான். "கேக்கணும்னு நெனைப்பேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். அதுக்குப் பயந்துக்கிட்டு ஓட்டத்துக்கு மேல ஓட்டமா எடுத்துக்கிட்டேன். என் மேலதான் தப்பு."

நாத்தனார் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டே ஊர் சுத்தினியாடா? உனக்கெல்லாம் சொரணையே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு அவளே அழுதாள். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. அழ வேண்டியவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தத் தடவை வரும்போதே முடிவு பண்ணிட்டேன்" என்றான் கணவன், முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு. "பத்து நாள் லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு டாக்டரம்மாகிட்ட போன்ல பேசினேன். குழந்தை பெத்தவங்களுக்கு இப்படி வர்றதுதானாம். மருந்து இருக்காம், சரியாகுமாம். நேரம் வாங்கியிருக்கேன். நான் கூட வரேன், அக்கா இவனைப் பார்த்துக்கட்டும்."

தராசு கிண்ணத்தைப் பார்த்தாள். இரண்டு வாய் மிச்சம் இருந்தது.

"எப்ப?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை காலையில."

நாத்தனார் சட்டென்று தராசைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டதை அவள் சொல்லிவிட்டாளே தவிர, என்றைக்கு வண்டி என்று இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் நாத்தனாருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். வேண்டாம், இப்போது சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

கணவன் தராசின் முழங்கால்மேல் கையை வைத்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. பதிலுக்காகக் காத்திருந்தான்.

"திங்கட்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள் தராசு.

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.